பழைய ஸ்டோரில் எடுத்த பேய்ப் படம்

அந்தப் படத்தில் எனக்குப் பிணம் வேஷம். முதலில் செத்துக் கிடக்க வேண்டும். பிறகு எழுந்து நடக்க வேண்டும். பேசக் கூடாது. சிரிக்கவே கூடாது.

"எனக்கு வசனமே இல்லியா?" என்று கேட்டேன்.

"செத்தவங்களுக்கு என்ன வசனம்?" என்றான் றோலண்ட்.

றோலண்ட் எங்கள் தேயிலைத் தோட்டத்து ஆபீஸில் பெரிய கிளாக்கரான ஞானரட்ணம் ஐயாவின் மகன். ஹற்றனில் போர்டிங்கில் தங்கிப் படிக்கிறவன். லீவுக்கு மட்டும் தோட்டத்துக்கு வருவான். அவனை 'றோலண்ட் தம்பி' என்றுதான் கூப்பிட வேண்டும் என்பது என் அம்மாவின் கட்டளை. அவன் முன்னால் அப்படியே கூப்பிடுவோம். முதுகுக்குப் பின்னால் அவன் வெறும் றோலண்ட்தான்.

அந்த ஏப்ரல் லீவுக்கு அவன் ஒரு கமராவோடு வந்திருந்தான். போட்டோ எடுக்கிற கமரா இல்லை, சினிமா எடுக்கிற கமரா. அவனுடைய வியாகுலம் மாமா ஹற்றன் டவுனில் ஸ்டூடியோ வைத்திருந்தார். கல்யாண வீடுகளில் ஓடி ஓடித் தேய்ந்துபோன பழைய கமரா ஒன்றையும் ஒரே ஒரு ரீலையும் மருமகனுக்குக் கொடுத்திருந்தார். சாவி கொடுத்தால் கிர்ரென்று ஓடும். சத்தம் பதியாது. எல்லாம் சேர்த்து நாலு நிமிஷம்தான் எடுக்கலாம்.

கொழும்பில் றோலண்ட் ஓர் இங்கிலீஷ் படம் பார்த்தானாம். அதில் செத்தவர்கள் குழியிலிருந்து எழுந்து ஊரெல்லாம் நடந்தார்களாம்.

"மெதுவா நடப்பாங்க. தலை தொங்கிக்கிட்டு இருக்கும். கண்ணு ஒரு பக்கமும் பார்க்காது. கூப்பிட்டாலும் திரும்ப மாட்டாங்க," என்று நடந்து காட்டினான்.

"காலையில பெரட்டுக்குப் போற மாதிரியா?" என்று கேட்டான் மூக்கன்.

பெரட்டு என்றால், விடிவதற்கு முன்பே எல்லாரும் வரிசையில் நின்று அன்றைய வேலையைக் கேட்டுக்கொள்கிற இடம். தூக்கம் கலையாத கண்களோடு, இடுப்பில் படங்குச் சாக்கைச் சுற்றிக்கொண்டு, பனியில் நடந்து போவார்கள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. றோலண்ட் சிரிக்கவில்லை. அவன் பெரட்டைப் பார்த்ததே இல்லை.

"அப்ப உயிரோட இருக்கிற ஆளா யாரு வர்றாங்க?" என்று கேட்டாள் சண்முகவடிவு. லயம் என்கிற வரிசை வீட்டில் எங்களுக்கு அடுத்த காம்பரா அவளுடையது. எதற்கெடுத்தாலும் சிரிக்கிறவள்.

"யாரும் இல்ல. நான் கமரா புடிப்பேன். நீங்க எல்லாரும் செத்தவங்க. கமராவத் துரத்துறீங்க."

"நான் டீச்சரா வர்றேனே. நல்ல சேலை கட்டிக்கிட்டு வந்து, அப்புறமா செத்துப்போறேன்," என்றேன்.

"டீச்சர் எல்லாம் வேணாம். பேய்க்கு உங்க உடுப்பே போதும்," என்றான் றோலண்ட்.

அவன் அதைக் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அதனால்தான் எனக்கு இன்னும் எரிந்தது. வேணாம் போங்க என்று சொல்லிவிட்டுத் திரும்பியிருக்கலாம். ஆனால் எங்கள் வீட்டில் என்னுடைய போட்டோ ஒன்றுகூட இல்லை. நான் நடந்தால் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது. சுவரில் நான் நடப்பதைப் பார்க்க வேண்டும் போல இருந்தது. பேயாக நடந்தாலும் பரவாயில்லை.

படம் எடுக்கப் பழைய ஸ்டோருக்குப் போனோம். ஸ்டோர் என்றால் எங்கள் தோட்டத்தில் தேயிலை ஃபாக்டரி. புதிய ஸ்டோர் றோட்டோரத்தில் வந்த பிறகு, மலையடியில் இருந்த பழையதைக் கைவிட்டுவிட்டார்கள். கூரைத் தகரங்கள் துருப்பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தன.

"அந்தப் பக்கம் போவாத. தகரம் விழுந்து சாகப் போற," என்று அம்மா ஆயிரம் தடவை சொல்லியிருப்பாள். சண்முகவடிவின் அம்மாவும் சொல்லியிருப்பாள். லீவில் நாங்கள் எங்கே இருப்போம் என்று அவர்களுக்கு நன்றாகத் தெரியும்.

வேஷம் போட்டோம். றோலண்ட் வீட்டுச் சமையலறையிலிருந்து கோதுமை மாவும் பீட்றூட்டும் கொண்டுவந்திருந்தான். முகத்துக்கு மா. வாயோரத்தில் பீட்றூட் ரத்தம். அவனுக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

"இது பிணம் மாதிரியே இல்ல. பலகாரம் சுட்டுக்கிட்டு இருந்த ஆளு மாதிரி இருக்கு," என்றான் மூக்கன்.

அவன்தான் என் மூக்கில் பஞ்சு வைத்தான். தாடையைச் சுற்றித் துணியைக் கட்டி உச்சந்தலையில் முடிச்சுப் போட்டான். கால் பெருவிரல்கள் இரண்டையும் சேர்த்துக் கட்டினான். சாவு வீடுகளில் எல்லாவற்றையும் பார்த்திருக்கிறான். அவனுடைய அப்பா மாயாண்டி மாமாதான் எங்கள் தோட்டத்தில் தப்படிக்கிறவர். நல்லதோ கெட்டதோ, அவருடைய தப்புச் சத்தம் கேட்டுத்தான் எங்களுக்கெல்லாம் தெரியும்.

"இப்ப சரி. இப்பத்தான் நீ செத்த மாதிரி இருக்க," என்றான் மூக்கன். எனக்குப் பெருமையாக இருந்தது.

நடக்கிற பேய்களாகச் சண்முகவடிவும் மூக்கனுடைய இரண்டு தம்பிகளும். அவர்கள் நடந்ததைப் பார்க்க வேண்டுமே. ஒருவன் வேகமாகப் போனான். ஒருவன் பின்னால் நின்று மூக்கைத் துடைத்தான். சண்முகவடிவு சிரித்துச் சிரித்து மாவெல்லாம் உதிர்ந்துவிட்டது.

"ஒண்ணா நடங்க. ஒரே மாதிரி நடங்க," என்று றோலண்ட் தலையில் அடித்துக்கொண்டான்.

"தப்பு அடிச்சா ஒண்ணா நடப்பாங்க," என்றான் மூக்கன். ஓடிப்போய் அப்பாவின் தப்பை எடுத்துவந்தான். மாயாண்டி மாமா வேலைக்குப் போயிருந்தார்.

முதலில் திருவிழா அடி அடித்தான். பேய்கள் ஆட ஆரம்பித்தன. சண்முகவடிவு இடுப்பில் கை வைத்துச் சுற்றி வந்தாள்.

"ஆடாதீங்க. செத்தவங்க ஆட மாட்டாங்க," என்றான் றோலண்ட். அவனுக்கு அழுகையே வந்துவிடும் போல இருந்தது. "மூக்கா, சோகமா ஒண்ணு அடி."

மூக்கன் என்னைப் பார்த்தான். "சோகமான அடி ஒண்ணுதான் இருக்கு. அது சாவுக்கு அடிக்கிறது."

"அத அடி."

"அது கேட்டா மலையில எல்லாரும் கூடைய எறக்கி வச்சிட்டு வந்துருவாங்க."

"மெதுவா அடி. உன் தப்பு அவ்வளவு தூரம் கேக்குமா?"

மூக்கன் யோசித்தான். சுற்றிலும் பனி. ஐந்து அடி தள்ளி நின்றால் ஆள் தெரியவில்லை. எதுவும் தெரியாத இடத்திலிருந்து எதுவும் கேட்காது என்று அவன் நினைத்துக்கொண்டான். விரல் நுனியால் மெதுவாகத் தட்டினான்.

அந்த அடி விழுந்ததும் கால்கள் தாமாகவே கனத்தன. சண்முகவடிவு சிரிப்பை நிறுத்தினாள். பொடியன்கள் இருவரும் தலையைத் தொங்கப் போட்டு, ஒரே மாதிரி, காலை இழுத்து இழுத்து நடந்தார்கள். சாவு ஊர்வலத்தில் நடந்து பழகிய கால்கள்.

"இதுதான், இதுதான்," என்றான் றோலண்ட். "பூரணி, நீ படு. நான் சொல்ற வரைக்கும் கண்ணத் தொறக்காத."

தரையில் படுத்துக் கண்களை மூடிக்கொண்டேன். கமரா கிர்ரென்று ஓடியது. மூக்கன் அடித்துக்கொண்டே இருந்தான். தன்னை அறியாமல் சற்றுப் பலமாகவும் அடித்திருப்பான். ஆனால் அவனைச் சொல்லி என்ன. மூன்று பக்கமும் தகரம். அவன் ஒரு தட்டுத் தட்டினால் தகரம் மூன்று தட்டுத் தட்டி மலைக்கு அனுப்பியது. இது எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது.

கொஞ்ச நேரத்தில் தப்புச் சத்தம் சட்டென்று நின்றது. யாரோ ஓடி வருகிற சத்தம். பிறகு ஓர் அழுகைச் சத்தம்.

சண்முகவடிவு இவ்வளவு நன்றாக அழுவாளா என்று எனக்குப் பொறாமையாக இருந்தது. சிரிக்கக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டேன்.

"ஐயோ, நான் பெத்த மகளே."

அது சண்முகவடிவு இல்லை. அது என் அம்மா.

கண்ணைத் திறந்து எழுந்து உட்கார்ந்தேன். பனிக்குள் படங்குச் சாக்கோடு பத்து இருபது பெண்கள் நின்றுகொண்டிருந்தார்கள். வெள்ளை முகமும் மூக்கில் பஞ்சுமாக நான் எழுந்ததும் எல்லாரும் கூச்சலிட்டுக்கொண்டு பின்னால் ஓடினார்கள். எங்களுக்கு மறுபக்கத்துக் காம்பராவில் இருக்கிற காளியாயி பெரியம்மா கால் தடுக்கி விழுந்து, எழுந்து, மறுபடி ஓடினாள். என்னை அவள் அடிக்கடி ஈர்க்குச்சி என்று கேலி செய்வாள். ஈர்க்குச்சியைக் கண்டு அவ்வளவு வேகமாக ஓடுவாள் என்று யார் கண்டது.

அம்மா மட்டும் ஓடவில்லை. அதாவது, ஓடினாள், என்னை நோக்கி ஓடிவந்தாள். இறுக்கிக் கட்டிக்கொண்டாள்.

"பேயா வந்தாலும் நீ என் புள்ளதான். பேயா வந்தாலும் என்னோடயே இரு," என்று அழுதாள்.

"அம்மா, நான் சாகலம்மா. இது படம்மா."

அவளுக்குக் கேட்கவில்லை. பஞ்சைப் பிடுங்கி எறிந்தாள். "மூச்சு விடு. விடு பாப்போம்," என்று என் மூக்கின் கீழே கையை வைத்தாள். அவள் கால் கல்லில் கிழிந்து ரத்தம் வந்துகொண்டிருந்தது. அது பீட்றூட் ரத்தம் இல்லை.

அப்போதும் கிர்ரென்ற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. திரும்பிப் பார்த்தேன். றோலண்ட் கமராவைக் கண்ணிலிருந்து எடுக்கவே இல்லை.

"றோலண்ட் தம்பி, நிறுத்துங்க."

"கொஞ்சம் இரு. ரொம்ப நல்லா வருது," என்றான்.

அன்றைக்கு நடந்தது எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறேன். மூக்கனுக்கு அவன் அப்பா முதுகில் நாலு கொடுத்தார். வேலையை விட்டு இறங்கிய பெண்கள் எல்லாருக்கும் கணக்கப்பிள்ளை அரை நாள் சம்பளத்தை வெட்டினார். "பேய் நாடகம் பாக்கவா மலைய விட்டு எறங்கினீங்க?" என்று கேட்டாராம். றோலண்டை யாரும் ஒன்றும் கேட்கவில்லை. அவன் வீட்டில் பிளேன்டீயும் பிஸ்கட்டும் சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.

அம்மா என்னை அடிக்கவில்லை. திட்டவும் இல்லை. அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

மறுநாளே லயத்தில் அவளுக்குப் பேர் வைத்துவிட்டார்கள். பேயைக் கட்டிப்பிடித்த ராசம்மா. ஓடிப்போனவர்களுக்குத் தங்கள் ஓட்டத்தை மறைக்க ஏதாவது ஒரு சிரிப்பு வேண்டியிருந்தது. காளியாயி பெரியம்மா பீலிக்கரையில் தண்ணீர் பிடிக்கும்போது, அம்மா அழுத மாதிரியே அழுது காட்டினாள். எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அதற்குப் பிறகு எல்லாரும் பிடித்து முடித்த பின்புதான் அம்மா பீலிக்குப் போனாள். இருட்டில் தனியாகக் குடத்தைத் தூக்கிக்கொண்டு வருவாள்.

என்னால் தாங்க முடியவில்லை. றோலண்ட் போர்டிங்குக்குத் திரும்புகிற அன்று காலை அவனுடைய வீட்டுக்கு ஓடினேன்.

"எங்கம்மா வர்ற எடத்த மட்டும் வெட்டி எடுத்துருங்க, தம்பி. மத்ததெல்லாம் இருக்கட்டும்."

"அது இல்லாட்டி என்னா இருக்கு படத்துல? அதுதான் படமே," என்றான். "உங்கம்மா ரொம்ப நல்லா செஞ்சாங்க."

"அவங்க ஒண்ணும் செய்யல. அழுதாங்க."

"ரெண்டும் ஒண்ணுதான். படத்துல வித்தியாசம் தெரியாது."

ஆகஸ்ட் லீவில் படம் கழுவி வந்தது. கிளாக்கர் ஐயா வீட்டு ஹாலில் ஒரு சாயங்காலம் போட்டுக் காட்டினார்கள். வியாகுலம் மாமா மெஷினோடு ஹற்றனிலிருந்து வந்திருந்தார். தோட்டத்தில் மருந்து கொடுக்கிற டிஸ்பென்சர் ஐயா குடும்பம், ஸ்டோரைப் பார்க்கிற டீமேக்கர் ஐயா குடும்பம், எல்லாரும் கதிரைகளில் உட்கார்ந்திருந்தார்கள். என்னையும் மூக்கனையும் றோலண்ட் கூப்பிட்டிருந்தான். எங்களுக்குக் கதிரைகளுக்கு முன்னால் தரையில் ஒரு சாக்கை விரித்துப் போட்டார்கள். சண்முகவடிவை அவளுடைய அம்மா அனுப்பவில்லை, தன் தம்பிகளை மூக்கன் கூட்டிக்கொண்டு வரவில்லை.

விளக்கை அணைத்தார்கள். சுவரில் வெள்ளைத் துணி. அதில் பழைய ஸ்டோர் வந்தது. பேய்கள் வந்தன. தரையில் நான் படுத்திருந்தேன்.

"என்னைய எங்க?" என்று மூக்கன் என் காதில் கேட்டான்.

"நீ கமராவுக்குப் பின்னால நின்ன. தப்புச் சத்தமும் இதுல ஏறாதாம்."

"அப்ப சும்மாதான் அடி வாங்கினேனா?"

நான் பதில் சொல்வதற்குள் பனியிலிருந்து பெண்கள் வந்தார்கள். மெதுவாக, சாக்கு உடுத்திக்கொண்டு, வரிசையாக. கதிரைகளில் இருந்தவர்கள் கை தட்டினார்கள். "ஐயோ, இதுகளப் பாருங்களேன். அசல் பேய்கள்," என்று யாரோ சொன்னார்கள்.

பிறகு நான் எழுந்தேன். பெண்கள் ஓடினார்கள். ஹால் முழுக்கச் சிரிப்பு. பிறகு துணி முழுக்க என் அம்மாவின் முகம். வாய் திறந்திருந்தது. சத்தம் இல்லை. சத்தம் இல்லாமல் பார்த்தால் அந்த முகம் வேடிக்கையாகத்தான் இருந்தது.

"இந்தப் பொம்பள நல்லா நடிக்குது," என்றார் டீமேக்கர் ஐயா கண்ணைத் துடைத்துக்கொண்டு. சிரித்துச் சிரித்து வந்த கண்ணீர்.

நான் எழுந்தேன். நேராகப் போய்த் துணிக்கு முன்னால் நின்றேன்.

வெளிச்சத்தில் கண் கூசியது. குனிந்து பார்த்தேன். அம்மாவின் முகம் என் வெள்ளைக் கவுனில் விழுந்து அசைந்துகொண்டிருந்தது.

"ஏய், மறைக்குது. விலகு," என்றான் றோலண்ட்.

நான் விலகவில்லை.

"புள்ள, உக்காரு," என்றார் ஞானரட்ணம் ஐயா.

"இது எங்கம்மாங்க ஐயா," என்றேன். "இவங்க நடிக்கல. சாவுத் தப்புக் கேட்டு நான் செத்துட்டேன்னு ஓடியாந்தாங்க. நான் பேய்னு நெனச்சிதான் கட்டிப்புடிச்சாங்க. மத்தவங்க எல்லாம் ஓடிட்டாங்க. இதுல சிரிக்க என்னா இருக்கு?"

மெஷின் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. றோலண்டின் அம்மா ஐவி எழுந்துபோய் விளக்கைப் போட்டார்.

"எல்லாரையும் நடிக்கச் சொல்லித்தான் எடுத்தேன்னு சொன்னியே," என்று றோலண்டைக் கேட்டார்.

அவன் தலையைக் குனிந்துகொண்டான். "அத வெட்டினா படமே இல்லம்மா."

"இல்லாமப் போகட்டும், றோலண்ட்," என்றேன். 'தம்பி' வரவில்லை. அதை ஒருவரும் கேட்கவுமில்லை.

வியாகுலம் மாமா ரீலை வெளியே எடுத்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, அம்மா வருகிற துண்டைக் கத்தரியால் வெட்டினார். சுருட்டி என் கையில் கொடுத்தார். "கொண்டு போ, மகள்," என்றார். றோலண்ட் அழுதுகொண்டே உள்ளே போய்விட்டான். அவனைப் பார்க்கக் கொஞ்சம் பாவமாக இருந்தது. கோபம் அதைவிட நிறைய இருந்தது.

நான் வீட்டுக்கு வந்தபோது அம்மா அடுப்பு முன்னால் ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தாள். சுருளைக் கொடுத்தேன். என்ன என்று சொன்னேன். மாக் கையைத் துடைத்துக்கொண்டு அதை விளக்குக்கு நேரே தூக்கிப் பிடித்தாள். பருப்பு அளவில் படங்கள், ஒன்றின் கீழ் ஒன்றாக.

"இதுல நான் எங்க?"

காட்டினேன். அம்மா வெகுநேரம் பார்த்தாள்.

"இம்புட்டுச் சின்னதா இருக்கேன். இதுக்கா அத்தன சிரிப்பு," என்றாள். பிறகு கேட்டாள், "நீ எந்திரிக்கிறது இருக்கா?"

அவளே விரலை வைத்துத் தேடினாள். "படுத்திருக்க. இதுலயும் படுத்திருக்க. இதுலயும். இந்தா, எந்திரிச்சிட்ட."

அந்த இடத்தில் அரிவாள்மனையால் நறுக்கினாள். நான் எழுந்து உட்கார்ந்திருக்கிற அந்த ஒரு படத்தை மட்டும் தன் முந்தானையில் முடிந்துகொண்டாள். மீதியை அடுப்பில் போட்டாள். அது சுருண்டது, குமிழ் விட்டது, மூக்கைத் துளைக்கிற மாதிரி நாறியது.

எங்கள் லயத்தில் ஒரு காம்பராவில் தும்மினால் அடுத்த காம்பராவில் கேட்கும். சுவருக்கு அப்பாலிருந்து காளியாயி பெரியம்மா சத்தம் போட்டாள்.

"என்னாடி ராசம்மா, இந்த நாத்தம் நாறுது? என்னத்த எரிக்கிற?"

அம்மா என்னைப் பார்த்தாள். ஏப்ரலுக்குப் பிறகு அன்றுதான் அவள் முகத்தில் சிரிப்பைப் பார்த்தேன்.

"பேயத்தான் எரிக்கிறேன் அக்கா," என்றாள். "பயமா இருந்தா ஓடுங்க."